அண்ணர் பெயர் வெட்டிய கரியர்

பேப்பரை மடித்து வையும் பிள்ளை. குலுங்குகிற பஸ்ஸில் படித்தால் தலையிடி வரும். அதோடு, அதிலே கிடக்கிறதெல்லாம் உண்மை என்று நினைத்துத்தானே இப்படி மூக்கு முட்டப் படிக்கிறீர்? போன வருசம் ஒரு பேப்பர் என்னுடைய மூத்த அண்ணரைக் கொண்டுபோய்ப் பங்கருக்குள்ளே படுக்க வைத்தது.

சிரிக்காதையும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அண்ணர் வைத்திலிங்கம் தபாலதிபராக இருந்தவர். சலரோகத்தில் காலில் புண் வந்து, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, தன்னுடைய கட்டிலில், நாலு பிள்ளைகளும் சுற்றி நிற்க, தேவாரம் கேட்டபடி கண்ணை மூடினவர். துவக்கை அவர் படத்தில் பார்த்திருந்தால் உண்டு. அப்படிப்பட்ட மனிதரைப் பற்றிப் பேப்பரில் போடுகிறார்கள்: பழைய போர்முனைக் காவலரணில் எடுத்த எலும்புகள் க. வைத்திலிங்கம் என்ற இருபத்திரண்டு வயது இளைஞனுடையதாக இருக்கலாமாம். இருபத்திரண்டு வயது! அண்ணருக்கு அந்த வயதிலேயே தலை வழுக்கை.

எப்படி வந்தது இந்த மோட்டுத்தனம் என்று கேளும். கண்ணிவெடி எடுக்கிற பெட்டைகள் இருக்கிறார்கள்தானே, காற்சட்டையும் தலையில் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிலத்தைத் தடவுகிறவர்கள். அவர்கள் எங்களுடைய நாவலடிக்குளத்துக்கு அங்காலே இடிந்துபோன பங்கர் ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு ஆளின் எலும்பு. ஒற்றைச் செருப்பு, இடுப்புப் பட்டியில் கொஞ்சம், ஒரு சாப்பாட்டுக் கரியர். மூன்று தட்டுக் கரியர், நல்ல கனமான சில்வர். மேல் மூடியிலே பெயர் வெட்டியிருக்கிறது: க. வைத்திலிங்கம், 4.9.1986.

அவ்வளவுதான். பெயர் இருந்தால் செத்தவனின் பெயர், திகதி இருந்தால் அவன் பிறந்த திகதி. எழுதிவிட்டார்கள். நீர் படித்த பிள்ளை, நீரே சொல்லும். உம்முடைய வீட்டுக் குசினியில் உள்ள பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்தால் உம்முடைய பெயரா இருக்கும்? மாமன் பெயர் இருக்கும், சித்தப்பா பெயர் இருக்கும், முகமே மறந்துபோன ஒரு கந்தோர்க்காரனின் பெயர் இருக்கும். கலியாணத்துக்குக் கொடுத்தவன் தன்னுடைய பெயரையும் அந்தத் திகதியையும் வெட்டித்தானே கொடுப்பான்? பின்னே, யார் கொடுத்ததென்று ஊருக்குத் தெரியவேண்டாமா? அது என்னுடைய கலியாணத் திகதி. அண்ணர் எனக்குத் தந்த கரியர். இதை ஒரு சின்னப் பிள்ளை சொல்லும். இத்தனை பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு விளங்கவில்லை.

நான் ஒருவரையும் குறை சொல்லுகிற ஆள் இல்லை, பிள்ளை. காலையில் எழும்பினால் கால் கழுவி, திருநீறு பூசி, பிள்ளையாரைக் கும்பிட்டு, அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. வெள்ளிக்கிழமை விரதம். எறும்பு போனாலும் தாண்டித்தான் போவேன். ஆனால் குடும்பத்தின் பெயர் இருக்கிறதல்லவா? அண்ணருடைய மூத்த மகள் லண்டனில் இருந்து போன் எடுத்து அழுகிறாள், "மாமி, அப்பாவைப் புதைகுழிக்குள்ள போட்டிட்டாங்கள்" என்று. நான்தான் சொன்னேன், அழாதே, நான் போய்த் திருத்திவிட்டு வருகிறேன் என்று.

இந்தச் சாமான்களை ஒரு மண்டபத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இலக்கம் ஒட்டி வைத்திருந்தார்கள். காணாமல்போன பிள்ளைகளின் தாய் தகப்பன் வந்து அடையாளம் காட்டவேண்டும் என்று அறிவித்தல். அங்கே நின்ற சனத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீர். கோயில் திருவிழாவில் காப்புக் கடைக்கு முன்னால் நிற்கிற மாதிரி. ஒரு செருப்புக்கு ஏழு தாய். பாட்டாச் செருப்பு, பிள்ளை, இந்த நாட்டில் எல்லாருடைய காலிலும் கிடந்தது. அதைப் பார்த்து, "இது என்ர பிள்ளையின்ர, பெருவிரல் தேஞ்சிருக்கு" என்று ஒருத்தி. "இல்லை, என்ர பிள்ளைக்கும் பெருவிரல் தேயும்" என்று இன்னொருத்தி. ஆருக்குத்தான் தேயாது? ஒரு மனுசி இலக்கம் ஒட்டியிருந்த வெறும் பொத்தான் ஒன்றைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் நின்றாள். பொத்தானில் என்ன இருக்கிறது? எனக்கென்றால் அருவருப்பாக இருந்தது. துக்கம் என்றால் வீட்டுக்குள்ளே படவேண்டும். நாலு பேர் பார்க்க மேசையைச் சுற்றுகிறதா?

கரியரைத் தட்டுத் தட்டாகக் கழற்றி வைத்திருந்தார்கள். மேல் தட்டுக்குள்ளே ஒரு சின்னக் குளிசைப் போத்தல், உள்ளே வெள்ளைத் தூள். அதற்குத் தனி இலக்கம். என்ன மருந்தோ என்று பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருநீறு, பிள்ளை! எங்கள் பிள்ளையார் கோயில் திருநீறு. பசுஞ்சாணி சுட்டு, அரித்து, நான் என் கையால் போத்தலில் அடைத்து மூடினது. அதைப் போய் ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள். சைவப் பிள்ளைகள்தான் அங்கே உத்தியோகம் பார்க்கிறார்கள். திருநீற்றைக் கண்டு தெரியவில்லை. இதுகளெல்லாம் எலும்பைக் கண்டு ஆளைச் சொல்லப் போகுதுகள்.

அங்கே முதல் வரிசையில் யார் நின்றாள் என்று நினைக்கிறீர்? பவளம்.

பவளம் என்றால் எங்கள் பக்கத்து வளவுக்காரி. நடுவிலே ஒரு கிடுகு வேலிதான். அவளுடைய புருசன் செல்லையா உழவு மெசின் ஓட்டினவன். பிறகு வேறொருத்தியோடு திருக்கோணமலைப் பக்கம் போய்விட்டான். போகாமல் என்ன செய்வான்? வாய் அப்படி. இரண்டு பிள்ளைகள், துவாரகன் என்று ஒரு பெடியன், வேணுகா என்று ஒரு பெட்டை. கூலிக்கு நெல் இடித்தும் மிளகாய் பிடுங்கியும் வளர்த்தாள். வளர்த்தாள் என்ன, அதுகளாக வளர்ந்தன. எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கும் வருவாள், குசினி வாசல் வரைக்கும் வருவாள். நான்தான் விட்டேன். என்னுடைய அவர் சங்கக் கடை மனேச்சர், அருளம்பலம் மனேச்சர் என்றால் அந்தக் காலம் எழும்பி நின்றவர்கள். அப்படிப்பட்ட வீடு. ஆனால் நான் ஏற்றத்தாழ்வு பார்க்கிறதில்லை.

அந்தப் பெடியன் இரண்டாயிரத்தெட்டில் காணாமல் போனவன். அன்றைக்கே என் கரியரும் காணாமல் போனது. அவன்தான் களவெடுத்துக்கொண்டு இயக்கத்துக்கு ஓடினான் என்று ஊர் முழுக்கத் தெரியும். நான்தான் சொன்னேன். பவளம் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ர பிள்ளை பட்டினி கிடப்பான், பிறத்தியாற்ரை சாமானிலை கை வையான்" என்று வேலிக்கு அங்காலே நின்று கத்துவாள். சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, திரும்பி ஊருக்கு வந்த பிறகும் அதே கதைதான். ஒரு நாள் என்ன செய்தாள் தெரியுமோ? சந்தையில் ஒரு அலுமினியக் கரியர் வாங்கிவந்து என் படலையில் கொழுவிவிட்டுப் போனாள். அலுமினியம்! அண்ணர் தந்த சில்வருக்குப் பதில் அலுமினியம். நான் அதை நாய்க்குச் சோறு வைக்க எடுத்தேன். அதற்குப் பிறகு முகம் பார்த்துக் கதையில்லை. எங்கே எலும்பு எடுத்தாலும் இவள் முதல் ஆளாகப் போய் நிற்பாள், பெடியனின் படத்தை மட்டையில் ஒட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. வெட்கமில்லாத பிறவி.

நான் மேசைக்கு முன்னால் போய், அங்கே இருந்த உத்தியோகத்தர் தம்பிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இது செத்தவனின் பெயர் இல்லை, கொடுத்தவரின் பெயர். அவர் கட்டிலில் செத்தவர். இது பிறந்த திகதி இல்லை, என் கலியாணத் திகதி. ஆதாரத்துக்குக் கலியாணப் படமும் கொண்டு போயிருந்தேன். அவன் பாவம், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் வெட்டித் திருத்தி எழுதினான். எழுதிவிட்டுக் கேட்டான், "அப்ப அம்மா, உங்கட வீட்டுக் கரியர் எப்பிடி அந்தப் பங்கருக்குள்ளை போனது? உங்கட வீட்டிலை ஆரும் காணாமல் போனவையோ?"

எங்கள் வீட்டில் ஒருவரும் குறையவில்லை என்றேன். என்னுடைய சேந்தன் கனடாவில், மகள் பிரான்சில். பிள்ளையார் கிருபை.

"அப்ப இதை வைச்சு ஆரையும் பிடிக்கேலாது" என்றான் அவன். இன்ன ஆளாக இருக்கலாம் என்று ஒரு தடயம் இருந்தால்தான் தாயின் இரத்தத்தை எடுத்து எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க அனுப்புவார்களாம். சும்மா வந்து நிற்கிற எல்லாருடைய இரத்தத்தையும் எடுக்க ஏலாதாம். பெயர் தெரியாத எலும்பு என்று இலக்கம் போட்டு வைத்துவிடுவார்களாம். அவன் பேனையை மூடினான்.

அப்போதுதான் பவளம் சனத்தைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, எழுதுங்கோ. இந்தக் கரியரைக் களவெடுத்தது என்ர மகன்."

ஊர்ச் சனம் பாதி அங்கேதான் நின்றது. பதினாறு வருசம் வேலிக்கு அங்காலே நின்று இல்லை இல்லை என்று கத்தினவள், தன் வாயாலேயே சொல்கிறாள். செல்லையா துவாரகன், பதினேழு வயது, இந்த அக்கா வீட்டில் கரியரைக் களவெடுத்துக்கொண்டு போனவன், ஊருக்கே தெரியும், அக்காவையே கேளுங்கோ என்று. உத்தியோகத்தர் தம்பி என்னைப் பார்த்தான். உண்மையோ அம்மா என்று கேட்டான். எனக்கென்றால் உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி. எத்தனை வருசம் என்னைப் பொய்க்காரி என்றவள். ஓம் என்றேன். களவுதான் என்றேன். எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினான். அவளுக்குக் கையெழுத்து ஒழுங்காக வராது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய இரத்தம் எடுத்தார்கள். கையை நீட்டிக்கொண்டிருந்தாள், பரிசு வாங்குகிற மாதிரி ஒரு முகம். களவெடுத்தவனைப் பெற்றேன் என்று சபையில் சொல்லிவிட்டு ஒருத்திக்கு அப்படி முகம் மலருமோ? எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

என்ன? உண்மையிலேயே களவெடுத்தானோ என்றா கேட்கிறீர்?

பிள்ளை, நீர் அந்தக் காலம் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர். உமக்கு விளங்காது. வீட்டுக்கு ஒரு ஆள் தரவேண்டும் என்று இயக்கத்தில் இருந்து வந்து கேட்ட காலம். தராவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள். தாய்மார் பிள்ளைகளைப் பானைக்குள்ளேயும் வைக்கோலுக்குள்ளேயும் ஒளித்து வைத்த காலம். பவளம் அந்தக் கிழமை வேணுகாவுக்கு மலேரியாக் காய்ச்சல் என்று கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாள். போகமுதல் துவாரகனைக் கூட்டிவந்து என் கையில் தந்தாள். தன்னுடைய கொட்டிலுக்குக் கதவும் இல்லை, மனேச்சர் வீட்டுக்குள்ளே ஒருவரும் வந்து தேட மாட்டார்கள், இரண்டு நாளைக்கு உங்கள் நிழலில் இருக்கட்டும் என்றாள். நானும் இருக்கட்டும் என்றேன். அவளுக்காக இல்லை. அந்தப் பெடியன் நல்ல பெடியன்தான். பெரியம்மா என்று கூப்பிடுவான். விறகு கொத்தித் தருவான்.

அடுத்த நாள் மத்தியானம் வந்துவிட்டார்கள். மூன்று பேர். ஒரு பெட்டையின் கையில் கொப்பி. வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடு, என் சேந்தனும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேந்தனுக்குப் பத்தொன்பது வயது. கொழும்புக்கு எடுக்க எல்லா ஒழுங்கும் செய்து முடிந்து, இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. இரண்டு கிழமை, பிள்ளை.

"ரெண்டு பேரும் உங்கட பிள்ளையளோ?" என்று கேட்டாள் அந்தப் பெட்டை.

ஓம் என்றேன். அதிலே என்ன பொய்? சாப்பாடு போடுகிறவள் தாய்தானே.

"அப்ப ஒராள் எங்களோடை வரவேணும்" என்றாள். ஆரை விடுகிறியள் என்று கேட்டாள். நான் ஒருவரையும் காட்டவில்லை. விரல் நீட்டவில்லை. பிள்ளையார் அறிய. எழும்பி, சேந்தனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான். அவர்களாக விளங்கிக்கொண்டார்கள்.

பெயர் கேட்டார்கள், தகப்பன் பெயர் கேட்டார்கள், அருளம்பலம் துவாரகன் என்று கொப்பியில் எழுதினார்கள். அவன் வாய் திறக்கவில்லை. நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே? வாய் இருந்ததுதானே? ஏன் சொல்லவில்லை? அவனுக்கும் போகிற எண்ணம் இருந்திருக்கும். அந்த வயதில் இருக்கும். என்னைப் பார்த்தான், சேந்தனைப் பார்த்தான், கையைக் கழுவினான். "அம்மாட்டைச் சொல்லிவிடுங்கோ பெரியம்மா" என்றான். வேறொன்றும் இல்லை.

சோறு பாதியில் எழும்பிவிட்டான். எனக்கு மனம் கேட்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள். அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கைக்கு எட்டின கரியரை எடுத்து, மூன்று தட்டிலும் நிறையப் போட்டு, திருநீற்றுப் போத்தலையும் வைத்துக் கொடுத்தேன். அண்ணர் தந்த கரியர் என்று கூடப் பார்க்கவில்லை. வேறொருத்தி கொடுப்பாளா?

பவளம் திரும்பி வந்து நிற்கிறாள். என்னத்தைச் சொல்லுகிறது? அவளுடைய வாயை நினைத்துப் பாரும். ஊரைக் கூட்டியிருப்பாள். இயக்கத்திடம் போயிருப்பாள். அவர்கள் திரும்பி வந்து சேந்தனைக் கொண்டு போயிருப்பார்கள். உன் மகன் தானாகப் போய்விட்டான், என் கரியரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றேன். கரியர் இல்லாததற்கும் ஒரு காரணம் வேண்டும்தானே. ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்றினதற்கு ஆர் கணக்குக் கேட்கிறது? அவர்களுடைய கொப்பியிலே பவளம் வீட்டில் ஒருவரும் போகவில்லை என்றுதான் இருந்தது. அதனால் இரண்டு மாதம் கழித்து வேணுகாவைக் கேட்டு வந்தார்கள். கலியாணம் கட்டினவளைக் கொண்டுபோகார் என்று, பதினாறு வயதில் அவளை முப்பது வயதுக்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். அதையும் ஒரு கலியாணம் என்று சொல்லுகிறார்கள். மேளமும் இல்லை, சபையும் இல்லை.

சேந்தன் நல்லாக இருக்கிறான். பெரிய வீடு. கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பான். எடுத்துக்கொண்டு இருந்தவன். கரியர் அகப்பட்ட புதினத்தை நான்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னேன், அண்ணரை இருபத்திரண்டு வயது ஆக்கிவிட்டார்கள் என்று. அவன் சிரிக்கவில்லை. எலும்பு எத்தனை துண்டு கிடந்தது என்று கேட்டான். இதென்ன கேள்வி? நான் எண்ணியா பார்த்தேன்? அதோடு வைத்துவிட்டான். எட்டு மாதம் ஆகிறது. அவனுக்கு வேலைக் கரைச்சல். அங்கே எல்லாருக்கும் அப்படித்தானாம்.

எங்கே விட்டேன்? ஓம், இரத்தம். போன மாதம் முடிவு வந்தது. எலும்பு பவளத்தின் பிள்ளைதான். கையில் கொடுத்துவிட்டார்கள், ஒரு சின்னப் பெட்டியில். களவு என்று நான் வைத்த கையெழுத்தாலேதான் அவளுக்குப் பிள்ளை கிடைத்தது. அந்த நன்றியாவது இருக்கவேண்டாமா?

போன சனிக்கிழமை என் படலையில் வந்து நிற்கிறாள். இத்தனை வருசத்துக்குப் பிறகு. வெள்ளைச் சீலை. நான் பூப்பிடுங்கிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை காலமை துவாரகனை எடுக்கிறம். சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

எலும்புக்கும் சாவீடு சொல்லித் திரிகிறாயோ என்று கேட்டேன். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய பவளம் என்றால் கத்தியிருப்பாள்.

"நீங்கள் கட்டாயம் வரவேணும். தாய் வாய்க்கரிசி போடவேணும்."

"வாயில்லாத எலும்புக்கு வாய்க்கரிசியோ? தாய் நீதானே, நீ போடு" என்றேன்.

"நானும் போடுறன். முகாமிலை இருக்கேக்கை, அவனோடை நிண்ட பெடியன் ஒருத்தன் வந்து சொன்னவன். அருளம்பலம் துவாரகன் எண்டுதான் பேர் கூப்பிடுறவையாம். எனக்குப் பதினைஞ்சு வருசமாத் தெரியும் அக்கா."

பூத்தட்டைக் கீழே வைத்தேன். நான் விடவில்லை. தெரிந்தவள் பின்னே ஏன் மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் களவு என்று சொன்னாய் என்று கேட்டேன். உன் வாயாலேதானே சொன்னாய் என்றேன்.

"வேறை என்னத்தைச் சொன்னா நீங்கள் ஓமெண்டு கையெழுத்து வைச்சிருப்பியள்?"

பார்த்தீரா? பார்த்தீரா இந்தச் சாதிக் குணத்தை? படிப்பில்லை, ஒரு எழுத்து ஒழுங்காக எழுதத் தெரியாது, என்னை வைத்து விளையாடியிருக்கிறாள். நான் உண்மை பேசுகிறேன் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன். அவள் என்னைக் கொண்டு எழுதுவித்திருக்கிறாள். இதற்குப் பெயர் என்ன? நீர் சொல்லும்.

அதோடு போனாளா? இல்லை. போகிற போது திரும்பி நின்று சொல்கிறாள், அந்தப் போத்தலைக் கண்ட உடனேயே கரியரும் நான் கொடுத்ததென்று தனக்கு விளங்கினதாம். களவெடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஆர் திருநீறு அடைத்துக் கொடுக்கிறது என்று. "அதை வைச்சு விட்டனீங்கள்தானே. அந்த ஒண்டுக்காகத்தான் இந்த வாசலை மிதிச்சனான்" என்றாள். அதற்குப் பிறகு, ஏதோ எனக்குச் சட்டம் சொல்லித் தருகிற மாதிரி: "செத்தவீட்டுத் துடக்கு உங்களுக்கும்தான் அக்கா. அவனை உங்கட பிள்ளையெண்டுதானே குடுத்தனீங்கள். முப்பத்தொரு நாளைக்குக் கோயிலுக்குப் போகாதேங்கோ."

எனக்கு! துடக்கு! ஐம்பது வருசமாகக் கோயில் வாசலில் கிடக்கிற எனக்கு, அவள் சொல்கிறாள்.

நான் அன்றைக்கே முடிவெடுத்தேன், செவ்வாய்க்கிழமை ஊரில் நிற்கக் கூடாது என்று. அவளுக்குப் பயந்து இல்லை. என் குசினி யன்னலால் பார்த்தால் அவளுடைய வளவு முழுக்கத் தெரியும். பறைச் சத்தம், சங்குச் சத்தம், பெண்டுகளின் ஒப்பாரி, இதெல்லாம் காதில் விழுந்தால் ஒருவருக்கு நிம்மதியாகத் தேவாரம் படிக்க முடியுமா? அதுதான் முதல் பஸ்ஸில் ஏறினேன். கோயிலுக்குத்தான். வேறெங்கே போவேன்? துடக்கு இல்லை என்று காட்டத்தான் போகிறேன் என்று நினைத்துவிடாதையும். நான் வழமையாக வருகிறவள்.

இப்போது என்ன நேரம்? பத்தே காலா? அப்படியென்றால் எடுத்திருப்பார்கள். சின்னப் பெட்டிதானே. தூக்க நாலு பேர் கூடத் தேவைப்படாது.

இதுதான் கோயிலடி. நீரும் இங்கேதானே இறங்குகிறீர்? கையைத் தாரும், படி உயரம்.

பிள்ளை, ஒரு உதவி செய்வீரா? கடையில் ஒரு அருச்சனைத் தட்டு வாங்கித் தருகிறேன், நீர் உள்ளே கொண்டுபோய்க் கொடும். ஐயர் பெயர் கேட்பார். அருளம்பலம் என்று தகப்பன் பெயரைச் சொல்லும், போதும். பிள்ளையின் பெயரும் கேட்டால், கேட்டால்... சேந்தன் என்று சொல்லும். ஓம், சேந்தன்.

நான் வரவில்லை. இந்த வெளி வீதியிலேயே நிற்கிறேன். நீர் போம். துடக்கு என்று ஆர் சொன்னது? எனக்கு முழங்கால் நோ.